நாற்பத்திரண்டாம் படத்து லில்லி

பூவைக் காட்டினால் காகிதத்தை விசாரிக்கிற ஓர் இனம் நம்மிடையே உலவிக்கொண்டிருக்கிறது. பார்க்கச் சாதுவாக இருக்கும். கடிக்காது. ஆனால் அதன் கையில் ஒரு பூதக்கண்ணாடியும் உங்கள் கையில் ஒரு மணி நேரமும் இருந்துவிட்டால் நீங்கள் தொலைந்தீர்கள். பழைய தாவரப் படங்களைச் சேர்ப்பவர் என்று இதற்குப் பெயர்.

நம் ஆளை அலுவலகத்தில் பூதக்கண்ணாடி என்றே கூப்பிட்டார்கள். நில வரைபடங்களைச் சரிபார்த்தே ஓய்வு பெற்றவர். தெரியாத்தனமாக அவர் வீட்டுக்குப் போய்விட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த காரியத்தைச் சொல்வதற்குள் உங்கள் மடியில் ஒரு படம் வந்து உட்காரும். இருநூறு வருஷத்துக்கு முந்தையது. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து, வரிசையாக உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு நிறமாகக் கையால் பூசி, மாதம் ஒரு பகுதியாகச் சந்தாதாரர்களுக்குப் போனது. பிறகு பதிப்பாளர் நொடித்துப்போய்த் தகடுகளை விற்க, வாங்கியவன் மட்டமான காகிதத்தில் மறுபடி அடித்துத் தள்ள, இது அந்தத் தறுதலைப் பதிப்பு இல்லை, அசல் முதல் பதிப்பு என்று மூச்சு விடாமல் சொல்லி முடிப்பார். "அழகான பூ" என்பீர்கள் நீங்கள், மரியாதைக்கு. பூவை யார் கேட்டார்கள்? படத்தைப் பிடுங்கித் திருப்பி, முதுகைத் தடவி, டார்ச் அடித்து, காகிதத்துக்குள் ஒளிந்திருக்கும் ஆலை முத்திரையைக் காட்டுவார். மோந்தும் பார்க்கச் சொல்வார்.

டார்ச் எதற்கு என்கிறீர்களா? அந்த வீட்டில் பகல் கிடையாது. வெயில் பட்டால் கையால் பூசிய நிறம் வெளுத்துவிடும் என்று ஒன்பது வருஷமாக எல்லா ஜன்னலுக்கும் கறுப்புத் திரை. விருந்தாளிகள் முக்காலியில் இடித்துக்கொண்டு உள்ளே வருவார்கள், இடித்துக்கொண்டே வெளியே போவார்கள்.

அவர் மனைவி நர்ஸாக இருந்தவர். முப்பது வருஷம் குழல் விளக்கின் கீழ் வேலை பார்த்தவருக்கு, ஓய்வு பெற்றபின் வெளிச்சத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் ஆசை. சண்டை போட்டுப் பார்த்தார், ஆகவில்லை. திரை போடாத ஒரே ஜன்னல் குளியலறையில் இருந்தது. அங்கே ஒரு தொட்டியில் லில்லிக் கிழங்கை ஊன்றினார். கணவர் உயிராகப் பாதுகாக்கும் நாற்பத்திரண்டாம் படத்தில் இருக்கிற அதே லில்லி. உயிரோடு ஒன்றைப் பார்த்தால் மனுஷன் ஒரு ஜன்னலையாவது திறக்க மாட்டாரா?

பூத்த அன்று தொட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் வந்தார்.

"என்னங்க, இதக் கொஞ்சம் பாருங்க."

அவர் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, நன்றாகக் குனிந்தே பார்த்தார்.

"சிவப்பு ஓரத்தத் தாண்டிப் போயிருக்கு. முதல் பதிப்புல இப்படி இருக்காது. பின்னாடி யாரோ பூசியிருக்காங்க."

"யாரும் பூசல. நான் தண்ணி ஊத்தினேன்."

"அதான் சொல்றேன். அனுபவம் இல்லாத கை."

அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. தொட்டியைக் கீழே வைத்தார்.

"இந்த ஒரு ஜன்னலத் தெறங்க. இல்லன்னா நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன்."

அவர் திடுக்கிட்டுத்தான் போனார். மனைவி மேல் அவருக்குப் பிரியம் இல்லை என்று யாராவது சொன்னால் அது பொய். "தெறக்கிறேன். படத்தையெல்லாம் பெட்டியில வச்சிட்டுத் தெறக்கிறேன். அரை மணி நேரம் குடு" என்றார். நிஜமாகவே எடுத்து வைக்கவும் தொடங்கினார். பதினேழாவது படத்தின் அடியில், வெளியான தேதிக்குப் பக்கத்தில், இத்தனை நாள் கண்ணில் படாத ஒரு கீறல் தெரிந்தது. தகட்டைத் திருத்தியிருக்கிறார்கள்! அப்படியென்றால் முதல் பதிப்பே இரண்டு தடவை அச்சாகியிருக்கிறது. கீறலை அளந்தார், குறித்துக்கொண்டார், நல்ல சேதி சொல்ல மனைவியைக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். மூன்று மணி நேரம் போயிருந்தது. தொட்டியையும் காணோம்.

அப்புறம் ஓடிப்போய் எல்லாத் திரைகளையும் விலக்கினார். அந்த வெளிச்சத்தில் உட்கார ஆள் இல்லை.

நல்ல ஆளய்யா என்று சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் படமும் இல்லை, பூதக்கண்ணாடியும் இல்லை, சரிதான். ஆனால் இதைப் படிக்க ஆரம்பித்தபோது உள்ளேயிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டார்களே, "இதோ வர்றேன்" என்றுகூடச் சொன்னீர்களே, போய் என்னவென்று கேட்டீர்களா?