கயல்விழியைப் பெண் கேட்டு வந்த கோடீஸ்வரர்

விருத்தாசலம்
புதன்கிழமை

அன்புள்ள கனகா அக்காவுக்குத் தம்பி பூபாலன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம், என் மனசு தவிர. போனில் பேசினால் கயல்விழி காதில் விழும் என்பதால் கடிதம்.

வேப்பூர் ஹைவே ஓட்டலில் உன் மருமகள் கயல் பரிமாறப் போகிறாள் அல்லவா, அங்கே மூன்று மாதம் முன்பு நிலவன் என்று ஒருவர் வந்து மூலை மேசையில் உட்கார்ந்திருக்கிறார். சென்னையில் பெரிய டைல்ஸ் கம்பெனி முதலாளியின் மகன், ஆயிரம் கோடிக்கு வாரிசு. வழுக்காத டைல்ஸ் என்று விளம்பரம் செய்து விற்று, வாங்கியவர்களெல்லாம் வழுக்கி விழுந்து, டிவியில் மானம் போய், பெற்ற அப்பனே பதவியிலிருந்து இறக்கிவிட்ட ஆள். ஓட்டலில் எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரிக்க, இவள் கேட்காமலே ஒரு தோசை வைத்து, "டிவில திட்டு வாங்குனா பசிக்காதாங்க? சாப்புடுங்க" என்றாளாம். மனுஷன் அழுதுகொண்டே சாப்பிட்டு, மறுநாளும் வந்துவிட்டார். அப்புறம் தினமும். ஒருநாள் இவள், "வுழுந்தவங்கள போயி பாத்தீங்களா?" என்று கேட்க, அன்றைக்கே பட்டியல் எடுத்து, பஸ் பிடித்து, வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கே வந்து பெண் கேட்டார்.

"வேல?"

"இப்ப இல்லீங்க."

"அப்பா?"

"பேசுறதில்லீங்க."

நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு பெரிய வீட்டில் பெண்ணைக் கொடுத்தால், அவளைப் பார்க்க நான் வாட்ச்மேனிடம் கையெழுத்துப் போட்டல்லவா போகவேண்டும்? அவர் போனதும் கயல் சொன்னாள்: "நல்லூர்ல அந்த டைல்ஸ்ல வுழுந்து இடுப்பு ஒடிஞ்ச டெய்லருக்கு வாரம் தவறாம மருந்து வாங்கிட்டுப் போறாருப்பா. இவரு சொல்லல, அந்த டெய்லரு சொன்னாரு." இருந்தாலும் அப்பன் என்றால் உறுதி வேண்டாமா? அவள் அம்மா அமிர்தம் மூன்று நாளாக என்னோடு பேசாமல் சோற்றை மட்டும் வைக்கிறாள். ஆகவே நீ சொன்ன திட்டக்குடிப் பையனை அடுத்த வெள்ளிக்கிழமை அவசியம் அழைத்து வரவும். என் முடிவில் மாற்றமில்லை.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உன் தம்பி பூபாலன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது நிலவன் வந்தார். கயலை மறந்தால் பழைய பதவி என்று அவர் அப்பா கூப்பிட்டாராம். "வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டு, இங்கே ஒரு செராமிக் யூனிட்டில் சூப்பர்வைசராகச் சேர்ந்து, நம் தெருவிலேயே வாடகைக்கு வீடும் பார்த்துவிட்டார். பத்து வீடுதான் தள்ளி, அக்கா. கயல் சிரித்ததைப் பார்த்து நானும் தலையாட்டிவிட்டேன். அதே வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் வைத்திருக்கிறோம். வேறு தாள் இல்லாததால் இதையே அனுப்புகிறேன், மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். திட்டக்குடிப் பையனிடம் எனக்குக் கடும் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, நீ மட்டும் ஒருநாள் முன்னதாகவே வா.