காத்தடிச்சா ஓடி வர்ற பூனை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுறது. இங்கே நான், உன் மாமா, உன் பூனை மூணு பேரும் நலம். அங்கே பஸ் டிப்போவில் நீயும், உன்கிட்ட மாட்டிக்கிட்ட டயர்களும் நலமா? நேரத்துக்குச் சாப்பிடு. சட்டைப் பொத்தான் அறுந்தா ஊக்கு குத்திக்கிட்டுத் திரியாதே. அக்காக்காரி தையல் வேலை பார்க்கிறவள்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா என் மானம் போகும். போன்ல பேசினா "டியூப் எப்படி இருக்கான்?"னு கேட்டுட்டு, பதில் சொல்றதுக்குள்ள மூக்கை உறிஞ்ச ஆரம்பிச்சிடுறே. அதனாலதான் கடுதாசி.

ரோட்டை அகலமாக்குறோம்னு உன் பஞ்சர் கடையை இடிச்சாங்களே, அந்த இடத்துல இப்ப லாரி பறக்குது. உன் பூனை டியூப் அங்கேயே கிடந்திருந்தா அப்பளமா ஆகியிருப்பான். நீ அவனை என் கையில கொடுத்துட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போனதுல ஒரு நியாயம் இருக்கு. என் கல்யாணத்தன்னிக்கு என்னை அனுப்பும்போது நீ பந்தியில உக்காந்திருந்தே, அதை நான் இப்ப கிளறலை.

ஆனா ரோட்டுலயே வளர்ந்தவனை நாலு சுவத்துக்குள்ள பழக்குறது லேசுப்பட்ட வேலையா? வந்த புதுசுல வாசக்கதவுகிட்ட உக்காந்து, பிரசங்கம் பண்ற மாதிரி கத்தினான். எனக்கு மனசு இளகிப்போச்சு. மாமா விடலை. "ஒரு தடவை திறந்தா தினமும் கத்துவான்"னுட்டாரு. பகல் பூரா பாங்கு வாசல்ல நிக்கிற வாட்ச்மேன் இல்லையா, வீட்டுக்கு வந்தும் அதே உத்தியோகம். பெரிய தட்டுல மணல் கொட்டி வச்சோம். அதுல சொகுசா படுத்துத் தூங்கிட்டு, வந்த வேலையை மாமாவோட டியூட்டி ஷூவுல முடிச்சான். அப்புறம் மாமாவே உன் கடை இடிஞ்ச இடத்துக்குச் சாக்கோட போய் மண்ணள்ளி வந்து மணலுக்கு மேல தூவினாரு. துரை மோந்து பார்த்தாரு, பழைய விலாசம்தான்னு தெரிஞ்சதும் உக்காந்தாரு. அன்னையிலேர்ந்து ஷூ தப்பிச்சுது.

என் மிஷினுக்குப் பக்கத்து ஜன்னல்ல அவனுக்கு ஒரு பலகை அடிச்சாச்சு. காக்கா வேடிக்கை பார்ப்பான், அலுத்தா நான் இஞ்ச் டேப்பை இழுப்பேன், பிடிச்சு விளையாடுவான். சாம்பல் நிறப் பூனைன்னுதானே கொடுத்தே? அங்கே உக்காந்து தன்னையே நக்கி நக்கி, உள்ளேயிருந்து வெள்ளைப் பூனை ஒன்னு வெளிய வந்திருக்கு. அத்தனையும் உன் கடை கிரீஸ். நீயும் ஒரு நாள் தேச்சுக் குளி, என்ன நிறத்துல வர்றேன்னு பார்ப்போம்.

சாப்பாடுதான் குறைச்சல். "வேளைக்கு ரெண்டு பூனை சோறு தின்னுவான், கிண்ணத்தைக் காலி பண்ணிட்டுப் போய் மறுபடி வந்து கத்துவான்"னு சொன்னே. இங்கே பாதியை மிச்சம் வைக்கிறான். உன் ஏக்கமோன்னு பயந்து மாட்டு டாக்டர்கிட்ட காட்டினோம். ஒன்னும் இல்லைன்னுட்டாரு. காத்தடிச்சு முடிச்சதும் சோறு வச்சு நீ பழக்கினியே, அது மட்டும் மறக்கலை. என் குக்கர் புஸ்ஸுன்னா போதும், எனக்கு முன்னாடி அடுப்படியில நிப்பான்.

இப்படிப் பழகி வந்த நேரத்துலதான் இன்னிக்குக் காலையில ஒருத்தி ரவிக்கைக் கை இறுக்கம்னு வாசல்லயே நின்னு சண்டை. கதவு ஆவென்னு திறந்து கிடந்தது. அவளை அனுப்பிட்டுத் திரும்பினா பூனையைக் காணோம். கட்டிலடி, அலமாரி, துணி மூட்டை எங்கேயும் இல்லை. லாரி சத்தம் கேக்குறப்பெல்லாம் வாசலுக்கு ஓடினேன், உனக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? டியூட்டிக்குக் கிளம்பின மாமா, நீ விட்டுட்டுப் போன காத்தடிக்கிற கைப்பம்பைத் தூக்கிக்கிட்டு உன் கடை இருந்த இடத்துக்கு ஓடினாரு. யூனிஃபார்ம், தொப்பியோட நிக்கிறாரு, முன்னாடி டயர்னு ஒன்னும் கிடையாது, மனுஷன் வெறும் காத்தை ரோட்டுக்கு அடிக்கிறாரு. சைக்கிள்ல வந்த ஒருத்தர் இறங்கி, "பின்சக்கரத்துக்கும் கொஞ்சம் அடிங்க"ன்னு நிறுத்தியிருக்காரு. மாட்டேன்னு சொல்லத் தெரியாம அடிச்சிருக்காரு. அவருக்குப் பின்னாடி வரிசையே சேர்ந்துடுச்சாம். அத்தனைக்கும் அடிச்சு முடிக்கிறப்ப ரோட்டோரம் கிடந்த சிமெண்டுக் குழாய்க்குள்ளேயிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்திருக்கு. தொப்பியில அமுக்கிக் கொண்டாந்துட்டாரு.

பார்த்தா மறுபடியும் சாம்பல் நிறம். "என்னங்க இப்படி இருக்கான்?"னேன். "அரை நாள் ரோட்டுல கிடந்தா நீயும் இந்த நிறம்தான் ஆவே. இத்தனை வருஷமா பாங்கு கதவுல நிக்கிறேன், ஆள் மாறி ஒருத்தனை உள்ள விட்டிருப்பேனா?"ன்னாரு. சோத்துக் கிண்ணத்தை எடுத்து வச்சேன்.

ஆனா வெளிக்காத்து பட்டதுல படிச்ச பாடமெல்லாம் போச்சு. மிஷின் சத்தத்துக்கு மிரள்றான், பலகையில ஏற மாட்டேங்கிறான், ஷூவுக்கு மறுபடி ஆபத்து வந்தாச்சு. ஒரு நல்ல செய்தி, பசி திரும்பிடுச்சு. கிண்ணத்தை வழிச்சுத் தின்னான். போகட்டும், முதல்லேர்ந்து பழக்குறோம், நீ கவலைப்படாம வேலையைப் பாரு.

நீ நோய்நொடி இல்லாம, நட்டு போல்ட்டு கழலாம நல்லா இருக்கணும். மாமா விசாரிச்சதாச் சொல்லச் சொன்னாரு.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: கடுதாசியை ஒட்டப் போறப்ப சாயங்காலச் சமையலுக்குக் குக்கர் வச்சேன். புஸ்ஸுன்னுச்சு. கட்டிலடியில இருந்தவன் இன்னும் உள்ளே ஒடுங்கினான். பரண் மேல, உன் பழைய பெட்டிக்குப் பின்னாடியிருந்து வெள்ளையா ஒருத்தன் சோம்பல் முறிச்சுக்கிட்டு இறங்கி வந்து கிண்ணத்து முன்னாடி நின்னான். அவன்தான் டியூப். வாசப்படியே தாண்டலை. மாமா ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, "உன் தம்பி சோறு போட்டது ஒரு பூனைக்கு இல்லடி, ரெண்டும் முறை வச்சு வந்து தின்னிருக்கு"ன்னாரு. மத்தவன் கடை இடிஞ்ச அன்னையிலேர்ந்து அந்தக் குழாய்க்குள்ளயே உனக்காகக் காத்துக் கிடந்திருக்கான். மறுபடியும் மூக்கை உறிஞ்சாதே, மாமா இன்னொரு தட்டுக்கு மண்ணள்ளச் சாக்கோட போயிருக்காரு. மேலே மூணு பேர்னு எழுதினதை மட்டும் நாலு பேர்னு திருத்திப் படிச்சுக்கோ.