விபூதிப் பேணிக்குள் இருந்த மனவலிமை

மனவலிமையால் நோவை வென்றவர் என்று யாரையாவது உங்களுக்கு அறிமுகப்படுத்தினால், முதலில் அவருடைய சாமி அறையைச் சோதியுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன். சோதனையில் பிடிபட்டவன் நான்.

ஐம்பத்திரண்டு வயதில் என் முழங்கால்கள் தேய்ந்தன. டொக்டர் தந்த குளிசையைப் பலர் பார்க்க விழுங்க எனக்கு வெட்கம். வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பில், குளிசை போடுகிறவர்களைப் பற்றி லிஃப்டுக்குள் கதைப்பார்கள்: “பாவம், ஆள் முடிஞ்சுது. இனிக் கிட்னியும் போயிடும்.” (லிஃப்ட் பழுதான நாட்களில் படியில் நின்று கதைப்பார்கள்.) ஆகவே குளிசை அட்டைகளை, மூடி போட்ட என் விபூதிப் பேணிக்குள் ஒளித்தேன். விடிய எழும்பிச் சாமி அறையில் நெடுநேரம் நிற்பேன். (பக்தி இல்லை. குளிசை வேலை செய்ய அரை மணித்தியாலம் பிடிக்கும்.) பிறகு கடற்கரை வீதியில் விறுவிறென்று நடந்து, எதிர்ப்படுகிறவர்களிடம், “நோவெல்லாம் மனசிலதான். நான் ஒரு குளிசையும் போடுறேல்லை” என்பேன்.

என் மனைவி மாலாவின் தம்பி சிவா இதை நம்பினான். கொட்டாஞ்சேனையில் தையற்கடை வைத்திருப்பவன். அவனுக்கு விரல் மூட்டுகளில் வாதம். நோவுக்கு ஒரு குளிசை, நோயை அடக்க இன்னொன்று.

“நானும் எல்லாத்தையும் நிப்பாட்டிட்டன், அத்தான். உங்களுக்கு ஏலுமெண்டா எனக்கு ஏலாதோ?”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் அவன் தோளில் தட்டி, “போகப்போகப் பழகிடும்” என்றேன். (எனக்குப் பழகியது குளிசை.)

எட்டு மாதம் கழித்து, என் மகளின் பிறந்தநாளுக்கு வந்தான். விரல்கள் கதலி வாழைப்பழம் போல் வீங்கியிருந்தன. கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் ஒரு கிழமையாகக் கடை பூட்டு. என்னைக் குறை சொல்லவில்லை, தன்னைத்தான் சொன்னான்.

“எனக்கு மனவலிமை காணாது போல, அத்தான். உங்கட கையால கொஞ்சம் விபூதி பூசிவிடுங்கோ.”

சாமி அறைக்குக் கூட்டிப்போய், தட்டில் இருந்த விபூதியை எடுக்கப் போனேன்.

“அதில்லை. உங்கட பேணியில இருக்கிறது.”

பேணியைத் தானே எடுத்தான். அந்த விரல்களுக்கு மூடி அசையவில்லை. அப்படியே இறுகிக் கிடக்கட்டும் என்று முருகனை வேண்டினேன். (அந்த அறையில் நான் மனமுருகிக் கும்பிட்டது அன்றைக்குத்தான்.) மாலா வாங்கி ஒரே திருப்பில் திறந்தாள்.

சாம்பலுக்குள் நான்கு அட்டைகள். பாதி வெறுமை.

“எத்தினை நாளா, அத்தான்?”

“ரெண்டு வருஷம்.”

சிவா தன் கைகளைப் பார்த்தான். “நான் எட்டு மாசம்” என்றான்.

மாலாதான் என்னிடம் சொன்னாள்: “கேக் கிடக்கட்டும். இவனை உடனே டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ. முதல்ல உங்கட குளிசையைப் போடுங்கோ, படி இறங்க வேணும்.”

எல்லார் முன்னிலையிலும் போட்டேன். விபூதி ருசித்தது.

வீக்கம் வற்றியது. ஆனால் நோயை அடக்கும் குளிசையை நிறுத்திய மாதங்களில் மூட்டு கெட்டுவிட்டது, வலது சுட்டுவிரல் இனி நிமிராது என்றார் டொக்டர். இப்போது சிவா அளவு மட்டும் எடுக்கிறான். துணி வெட்ட வேறு ஆள்.

என் குளிசைகள் இன்று சாப்பாட்டு மேசையில், உப்புக்குப் பக்கத்தில் இருக்கின்றன. எங்கள் குடும்பத்தில் யாராவது கொஞ்சம் கூடுதலாகக் கும்பிட்டால், “எத்தினை மில்லிகிராம்?” என்று கேட்பார்கள். எந்த விசேஷத்திலும் எனக்கு விபூதி பூசுகிறவன் சிவாதான்; வேறொருவரையும் விடமாட்டான். மூன்று விரலால் இழுப்பான். இரண்டு கோடுதான் விழும்.

“மற்றக் கோட்டை அத்தான்ர மனவலிமை போடும்” என்பான்.

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்த மூன்றாவது கோட்டை நான் இன்னும் போட்டுக்கொண்டதில்லை.