துரைக்காகக் கட்டிய ஒருநாள் பாலம்

வறுமையை மறைப்பதில் ஏழையைவிடக் கெட்டிக்காரன் உலகத்தில் இல்லை. வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லாத அன்றுதான், "இப்பத்தான் சாப்பிட்டோம், நீங்க உட்காருங்க" என்று விருந்தாளியிடம் வாய் கூசாமல் சொல்லுவான். அது அந்த வீட்டோடு போகிற பொய். நான் ஒருமுறை சொன்ன பொய் முப்பது குடும்பங்களின் வயிற்றில் மண்ணைப் போட்டது. அதையும் அரசாங்கத்தின் முன்னால், கோட்டுப் போட்டுக்கொண்டு சொன்னேன். (கோட்டு என்னுடையதல்ல.)

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கண்டி மலைநாட்டில், கலஹாப் பக்கத்தில், கோப்பிக்கொட்டை காயவைக்கும் ஒரு ஸ்டோரில் சாக்குத் தைக்கும் வேலை. அந்த வேலை எனக்குப் பிடித்ததற்கு ஒரே காரணம், சாக்கு பேசாது. மனிதர்களைக் கண்டால் என் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். பெண்களைக் கண்டால் நாக்கு என்று ஒன்று இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிடும்.

தோட்டத்துக் கூலிக் குடியிருப்பான லயங்களை விட்டு வெளியே வந்த நாங்கள் முப்பது குடும்பத்தார் ஒரு மலைச்சரிவில் குடிசை போட்டு, கத்தரியும் அவரையும் பயிரிட்டுப் பிழைத்தோம். காய்களைத் தலையில் சுமந்து பேராதனை வழியாகக் கண்டி மார்க்கட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் சரிவுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஓர் ஓடை ஓடியது. கோடையில் அதில் கோழி நடந்துபோகும். மழைக்காலத்தில் யானையும் யோசிக்கும். மழை பிடித்துக்கொண்டால் காய் இந்தக் கரையில் அழுகும், அரிசி அந்தக் கரையில் நிற்கும். எங்கள் வறுமையின் அகலம் சரியாகப் பதினைந்து முழம். அதற்கு மேல் ஒரு பாலம் போட்டால் போதும்.

இதை எல்லாரையும்விட நன்றாக அறிந்தவள் தெய்வானை. அப்பா படுத்த படுக்கை. அவள் கூடை கண்டிக்குப் போனால்தான் அவர் வாய்க்குக் கஞ்சி. "இன்னொரு மழைக்காலம் இப்படியே போனா எங்கப்பா தாங்க மாட்டாரு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஏசண்டுத் துரை எங்கள் பக்கம் சுற்றுப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. மாகாணத்தையே ஆளும் துரை. கையெழுத்துப் போட்டால் பாலம் முளைக்கும். எங்கள் ஊருக்குத் தலைவர் கருப்பன் கங்காணி. (தோட்டத்தில் கூலிகளை மேய்க்கும் வேலையை எப்போதோ விட்டுவிட்டார், கங்காணித்தனத்தை விடவில்லை.) மனுக் கொடுப்பது என்று அவர் முடிவு செய்தார். அதைத் துரை முன்னால் வாசிக்க என்னைப் பிடித்தார். பாதிரியார் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை போனவன் ஊரில் நான் ஒருவன்தான். பாஸ் பண்ணினேனா என்று யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவுமில்லை.

துரையின் ஆபீசான கச்சேரியின் வாசலில் மனு எழுதும் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவரிடம் போனோம். பாலம் வேண்டும் என்று கங்காணி ஒரே வரியில் சொன்னார். ஐயா மூன்று பக்கம் எழுதினார்.

"இவ்வளவும் பாலத்தைப் பத்தியாங்க?" என்றார் கங்காணி.

"இல்லை. இவ்வளவும் துரையைப் பத்தி. பாலம் கடைசி வரியில வருது."

"முன்னாடியே போட்டா என்னங்க?"

"உங்களுக்கு ஒண்டும் விளங்காது. புகழ்ந்து வயிறு நிறைஞ்சாத்தான் துரைமாருக்குக் காது திறக்கும். நான் எத்தினை மனு எழுதியிருப்பன்!" (எத்தனை பலித்தது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவேண்டிய ஆள் நான்.)

துரை வருவதற்கு இரண்டு நாள் முன்பு ஊர்க்கூட்டம் நடந்தது. கங்காணி எழுந்தார்.

"எல்லாஞ் சரி. தொரை எப்படி ஓடையத் தாண்டுவாரு? அவரு காலுச் சப்பாத்து நனைஞ்சா ஊருக்கே மானம் போயிருமே!"

கூட்டம் திடுக்கிட்டது. அவ்வளவு பெரிய மனிதரைத் தண்ணீரில் இறக்குவதா? உடனே ஒரு தீர்மானம் நிறைவேறியது: துரை வருவதற்குப் பாலம் கட்டுவது.

தெய்வானை மட்டும் கேட்டாள். "ஏன் கங்காணி, பாலம் இல்லன்னு சொல்லத்தானே அவரக் கூப்பிடுறோம்?"

"வீட்டுக்கு வர்ற ஆளத் தண்ணியில தள்ளிவிட்டுட்டா பாலம் கேப்பாங்க? ஒனக்கு மரியாதை தெரியாது, சும்மா இரு."

அவள் சொல்வதுதான் சரி என்று எனக்குப் பட்டது. சொல்லிவிடலாம் என்று துணிந்து வாயைத் திறந்தேன். கொட்டாவி வந்தது.

கமுக மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டோம். மேலே பரப்ப, கோப்பி காயவைக்கும் பலகைகளை எங்கள் ஸ்டோரிலிருந்து நானே கேட்டு வாங்கி வந்தேன். பொழுது சாய்வதற்குள் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையுடன்தான் கிடைத்தது. பலகைக்கு மேல் சலவைத் தொழிலாளி கொடுத்த வெள்ளைத் துணியை விரித்தோம். இரண்டு பக்கமும் குருத்தோலைத் தோரணம், ஓரத்தில் மேளக்காரர்கள். பெண்கள் நாலு ஊரில் இரவல் வாங்கிய நகைகளைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஏழைகள் என்று மனுக் கொடுக்க ஓர் ஊரே கல்யாண வீடுபோலத் தயாராகிவிட்டது. தெய்வானை மட்டும் சேறு படிந்த பழைய சேலையோடு வந்தாள். கங்காணி அவளைப் பின்வரிசைக்குத் தள்ளினார்.

துரை குதிரையில் வந்தார். இறங்கினார். வெள்ளைத் துணியைப் பார்த்துப் புன்னகை செய்து, கைத்தடியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பாலத்தின் மேல் ஒய்யாரமாக நடந்து எங்கள் கரைக்கு வந்தார். கோப்பித் தோட்டங்களில் பழகியதால் அவருக்குத் தமிழ் ஓரளவு தெரியும்.

நான் வாசித்தேன். துரையைச் சூரியன் என்றேன், சந்திரன் என்றேன், கற்பகத்தரு என்றேன். இரண்டாம் பக்கத்தில் அவர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். மூன்றாம் பக்கத்தில், எதிர்க்கரையில் நின்ற குதிரையே தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. ஒருவழியாகக் கடைசி வரிக்கு வந்தேன்: "ஆதலால் இந்த ஓடைக்கு ஒரு பாலம் தந்தருள வேண்டும்."

துரை நிமிர்ந்தார். மெதுவாகத் திரும்பி ஓடையைப் பார்த்தார். ஊரே திரும்பிப் பார்த்தது. வெள்ளைத் துணி காற்றில் அசைந்தது.

"அது என்ன?" என்றார்.

கங்காணி வானத்தைப் பார்த்தார். துரை என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு. பாலம் எப்படி இருக்கு?"

இது இரவல் பாலம் என்று சொல்லியிருந்தால் எங்கள் தலைவிதி அன்றே மாறியிருக்கும். இரவல் கோட்டு இறுக்கியது. துரை அவ்வளவு தூரம் வந்திருக்கிறார், அவர் மனம் கோணலாமா?

"ரொம்ப சௌகரியமா இருக்குங்க தொரை" என்றேன்.

"பொய்ங்க தொரை!" என்று பின்வரிசையிலிருந்து தெய்வானை கத்தினாள். "சாயந்தரம் பலகையத் திருப்பிக் குடுத்துருவாங்க!" ஆனால் அதற்குள், மனு முடிந்தது என்று நினைத்த கங்காணி மேளக்காரர்களுக்குக் கையைக் காட்டிவிட்டார். மேளம் முழங்கியதில் அவள் குரல் அமுங்கிப்போனது. துரை தொப்பியைத் தூக்கி விடைபெற்று, அதே பாலத்தில் நடந்து போனார்.

அன்று சாயந்தரம் பலகைகளைச் சுமந்துபோய்த் திருப்பிக் கொடுத்தவனும் நான்தான்.

கொஞ்ச நாளில் கச்சேரியிலிருந்து காகிதம் வந்தது. உங்கள் ஓடையில் நல்ல பாலம் இருப்பதைத் துரை நேரில் கண்டு மகிழ்ந்தார், ரோட்டு வரிக்குப் பதிலாக ஆண்கள் கூலியில்லாமல் செய்யவேண்டிய வேலையை இனி அந்தப் பாலத்தைப் பழுதுபார்ப்பதில் செய்யலாம் என்று எழுதியிருந்தது. வாசித்துச் சொல்லும் பாக்கியமும் எனக்கே கிடைத்தது. இல்லாத பாலத்தில் எங்கே ஆணி அடிப்பது என்று ஊர் ஆண்கள் என்னைக் கேட்டார்கள்.

மழை வந்தது. எங்கள் சரிவில் பலாக்கொட்டைதான் சாப்பாடு என்று ஆனது. ஒருநாள் தெய்வானை இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினாள். கூடையை வெள்ளம் கொண்டுபோனது. ஒரு புதரைப் பிடித்துக் கரையேறியவள், நேராக ஸ்டோருக்கு வந்து, சொட்டச் சொட்ட என் முன்னால் நின்றாள்.

"கூடை மட்டுந்தான் போச்சு. நானும் போயிருந்தா ஒனக்கு இன்னும் சௌகரியமா இருந்திருக்கும், இல்ல?"

ஊசி என் விரலில் ஏறியது. வலிக்கிறது என்று சொல்லக்கூட எனக்கு யோக்கியதை இருக்கவில்லை.

இதற்குள் பழைய துரை மாறிப் புதிய துரை வந்திருந்தார். "கச்சேரிக்குப் போவோம், மழையோடவே போவோம்" என்றாள் தெய்வானை. மனு வேண்டாம், மேளம் வேண்டாம். என்னிடம், "நீ வாயத் தொறக்க வேணாம். அங்க வந்து வேட்டியப் பிழிஞ்சாப் போதும்" என்றாள்.

ஒருவரையொருவர் கைபிடித்து ஓடையைத் தாண்டி, நாற்பது பேர் கச்சேரி விறாந்தையில் போய் நின்றோம். தரையெல்லாம் சேறு. பியோன் விரட்டினான். சத்தம் கேட்டுத் துரை வெளியே வந்தார். கிளாக்கர் ஃபைலைப் புரட்டி, "இவங்களுக்குப் பாலம் இருக்குங்க. இங்க எழுதியிருக்கு" என்றார்.

தெய்வானை ஃபைலை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினாள். "அப்ப அந்தப் பாலத்தக் குடுங்க சாமி. நாங்க தூக்கிக்கிட்டுப் போயி ஓடையில வச்சுக்கிறோம்."

துரை ஃபைலை வாங்கி மூடினார். மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து எதிர்க்கரையில் நின்றார். அவரைக் கண்டதும் கங்காணி பலகை தேடி ஓடப் பார்த்தார். தெய்வானை வழியை மறித்துக்கொண்டாள். துரை தண்ணீரில் இறங்கினார். எங்கள் கரையில் ஏறியபோது அவர் காலில் ஒரு சப்பாத்துத்தான் இருந்தது. மூன்று பக்க மனுவால் முடியாததை ஓடை ஒரு நொடியில் வாசித்துக் காட்டிவிட்டது.

"எப்பவும் இப்படியா?" என்று அரைகுறைத் தமிழில், முன்னால் நின்ற பாவத்துக்கு, என்னைக் கேட்டார்.

"ஆமாங்க. முன்ன வந்த தொரைகிட்ட நான் பொய் சொல்லிட்டேங்க" என்றேன். நாலு பேருக்கு முன்னால் நான் பேசிய முதல் உண்மை அதுதான்.

அடுத்த மழைக்கு முன் கல்லில் பாலம் எழுந்தது. மாட்டுவண்டி ஊருக்குள்ளேயே வந்தது. கடைக்காரர் அரிசியின் விலையை மனமில்லாமல் இறக்கினார். தெய்வானையின் அப்பா இன்னும் நாலு மழைக்காலம் இருந்தார். நல்ல ஆட்சியைப் பற்றிப் படித்தவர்கள் என்னென்னவோ சொல்லுவார்கள். மூன்றாம் வகுப்புக்கு விளங்கியது இவ்வளவுதான்: ஆளுகிறவரின் கால் நனைய வேண்டும், ஆளப்படுகிறவர் வாயைத் திறக்க வேண்டும்.

வாயைத் திறக்கிற அந்தப் பொறுப்பைத் தெய்வானை எங்கள் கல்யாணத்தன்றே என்னிடமிருந்து முழுதாக எடுத்துக்கொண்டாள். போன மாதம் வயிற்றுவலியோடு கண்டிக்கு டாக்குத்தரிடம் போனோம். நான் இரண்டாய் மடிந்து உட்கார்ந்திருந்தேன்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று அவர் என்னைக் கேட்டார்.

நான் வாயெடுப்பதற்குள் தெய்வானை குறுக்கே வந்துவிட்டாள்.

"அவருகிட்டக் கேக்காதீங்கய்யா. உசுரு போற நேரத்துலயும் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுவாரு. நீங்க அமுக்கிப் பாருங்க."

டாக்குத்தர் அமுக்கினார். நான் அலறினேன்.

"பாத்தீங்களா" என்றாள் தெய்வானை, "நேருல வந்து பாத்தாத்தான் தெரியும்."