படுத்தால் எழாத லேப்டாப் பற்றி மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த என் லேப்டாப்பில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பழைய சிஸ்டத்தைக் கழற்றிவிட்டு லினக்ஸைப் போட்டுவிட்டுப் போனது நீங்கள். நலம்தானே? மகளும் நலமென்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். லேப்டாப் மட்டும் படுத்தால் எழுவதில்லை.

இதைக் கையால் எழுதுகிறேன். பேனாவை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தாலும் எழுதுகிறது. அந்த வசதி உங்கள் சிஸ்டத்தில் இன்னும் வரவில்லை போலும்.

வாரப் பத்திரிகைக்கு நான் போடும் குறுக்கெழுத்துப் புதிர் வெள்ளிக்கிழமைக்குள் போயாக வேண்டும். பாதிக் கட்டங்களை நிரப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன். உங்கள் அத்தைக்கு வீட்டில் எது திறந்திருந்தாலும் ஆகாது. பாத்திரம், அலமாரி, சன்னல் என்ற வரிசையில் லேப்டாப்பையும் மூடிவிட்டாள். திறந்தால் திரை கறுப்பு. உள்ளே விசிறி மட்டும் சுழல்கிறது. "என்னங்க, அது தூங்குது, விடுங்களேன்" என்கிறாள். தூங்குகிறவன் இப்படியா மூச்சு வாங்குவான்? பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். கட்டங்கள் போயின.

உங்களுக்குப் போன் செய்தேன். "மாமா, மூடினா சஸ்பெண்ட் ஆகும், அதுல டிரைவர் கொஞ்சம் தகராறு பண்ணும். ஹைபர்னேட் போடுங்க. எல்லாத்தையும் டிஸ்க்ல எழுதி வெச்சுட்டுத்தான் தூங்கும்" என்றீர்கள். போட்டேன். இடம் போதாது என்று சொல்லிவிட்டுக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தது. மறுபடியும் போன். "டிஸ்க்ல அது எழுதி வைக்கிற இடம், ஸ்வாப், சின்னதா இருக்கு மாமா." சின்னதாக வைத்தது யார்? எட்டு ஜிபி நினைவை இரண்டு ஜிபி இடத்தில் வைப்பது, வீட்டுச் சாமானையெல்லாம் சைக்கிள் கேரியரில் கட்டுவது மாதிரி இல்லையா? நானே படித்து, நானே பெரிதாக்கினேன். அழகாகத் தூங்கியது. எழுப்பினால், பிறந்த குழந்தை மாதிரி ஒன்றும் தெரியாமல் எழுந்தது. எழுதி வைத்ததாம், எங்கே தேடுவது என்று அதற்கு யாரும் சொல்லவில்லையாம். திரும்பப் போட்ட புதிரும் போச்சு.

அப்போது நீங்கள், "சேவ் பண்ணலையா மாமா?" என்று கேட்டீர்களே, அதுதான் தாங்கவில்லை. எல்லாவற்றையும் எழுதி வைக்கும் என்று சொன்னதும் அதே வாய்தானே?

இன்று பத்திரிகையின் உதவி ஆசிரியர் போனில் பேசினார். "சார், நாளைக்கு வரலன்னா பல் டாக்டர் சாரோட புதிரப் போட்டுடுறோம்." வாரம் தவறாமல் அவர்களுக்குப் புதிர் அனுப்பி, 'பச்சைப் பறவை, இரண்டெழுத்து' என்று கேட்கிற மனிதர்! ஒருமுறை என் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் அவரைப் பிடுங்க எந்தக் குறடும் போதாது.

ஆகவே உடனே வந்து லினக்ஸைக் கழற்றிவிட்டுப் பழையதைப் போடவும். மகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, வேலை முடிந்த பிறகு.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது, எங்கே தேடுவது என்று நாமே சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. ஸ்வாப் இருக்கும் இடத்தை, சிஸ்டம் கிளம்பும்போது படிக்கிற அமைப்பில் எழுதினேன். புதிரை மறுபடி ஆரம்பித்து, பாதியில் ஹைபர்னேட் கொடுத்தேன். எழுந்தது! கட்டங்கள் அப்படியே இருந்தன. கர்சர் விட்ட இடத்திலேயே சிமிட்டிக்கொண்டு நின்றது. புதிரை முடித்து அனுப்பியும் விட்டேன். ஆகவே, நீங்கள் என் லினக்ஸைத் தொடக் கூடாது. உங்கள் லேப்டாப்பும் தூங்கினால் எழுவதில்லை என்று மகள் சொன்னாள். அதை எடுத்துக்கொண்டு வரவும், நான் பார்த்துத் தருகிறேன். நான் சொல்லச் சொல்ல நீங்கள் கவனிக்கிறீர்களா என்று மகள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். உதவி ஆசிரியர் என் புதிரில் கை வைக்காமல் அச்சுக்கு அனுப்ப வேண்டும். பல் டாக்டர் பல்லைப் பார்க்க வேண்டும்.