வேலை தேடுகிறவருக்கு வழி சொல்கிறவர்

உலகத்தில் வேலை இல்லாதவர்கள் எத்தனை பேரோ, அவர்களுக்கு யோசனை சொல்கிறவர்கள் அதைப் போல ஐந்து மடங்கு. இந்த இரண்டாவது இனத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். இவரைத் தேடி நீங்கள் எங்கேயும் அலைய வேண்டியதில்லை. பிறந்தநாள் விருந்தில் உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். பாட்டுக்குழுவில் பின்வரிசையில் நிற்பார். நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை மூழ்கியிருப்பார். உங்களுக்கு வேலை போய்விட்டது என்ற செய்தி காதில் விழுந்ததும் அவர் முகத்தில் ஒரு வருத்தம் தெரியும். உண்மையான வருத்தம்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அது இரண்டு நொடிக்கு மேல் தங்காது. மூன்றாவது நொடியில் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். நாற்காலியை அரை அடி முன்னால் இழுத்துக்கொள்வார். "நான் உன் இடத்துல இருந்தா..." என்று தொடங்குவார்.

அவர் ஒருநாளும் உங்கள் இடத்தில் இருந்ததில்லை. அதுதான் அவருடைய முதல் தகுதி.

இவரை எனக்கு நன்றாகத் தெரியும். போன வியாழக்கிழமை இவருக்கு முடிவெட்டியபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான்தான்.

என் பெயர் ஃபிளெமிங். டென்மார்க்கில், யூட்லாந்தின் நடுவே ஒரு சிறிய ஊரில், நகராட்சியின் கழிவுநீர்க் குழாய்ப் பிரிவில் முப்பத்து மூன்று வருடமாக இருக்கிறேன். இந்த வேலை எனக்கு எப்படிக் கிடைத்தது தெரியுமா? அப்போதிருந்த பிரிவுத் தலைவர் என் அப்பாவுடன் ஹேண்ட்பால் ஆடியவர். கடைத்தெருவில் என்னைப் பார்த்து, நீ நம்ம வில்லியோட மகன்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். திங்கட்கிழமை வா என்றார். அவ்வளவுதான். என் வாழ்க்கையின் மொத்த வேலைத் தேடலும் ஒரு ஐஸ்கிரீம் உருகுவதற்குள் முடிந்துவிட்டது. இந்த அனுபவத்திலிருந்து நான் வேலை தேடுவதற்கான ஏழு விதிகளை வகுத்தேன். எப்படி வகுத்தேன் என்று இன்றுவரை எனக்கே புரியவில்லை.

அந்த ஏழு விதிகளும் போய் விழுந்தது என் மனைவி டோர்த்தேயின் தம்பி எஸ்பென் தலையில்.

எஸ்பென் சன்னல் தொழிற்சாலையின் கிடங்கில் இருபத்து நான்கு வருடம் இருந்தவன். வயது ஐம்பத்தொன்று. அதிகம் பேசமாட்டான். தொழிற்சாலையை மூடிய வாரம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தான். வறுத்த பன்றி இறைச்சி, பார்ஸ்லி குழம்பு. உருளைக்கிழங்குக் கிண்ணம் அவன் பக்கம் போவதற்குள் நான் மூன்று விதிகளைச் சொல்லி முடித்திருந்தேன். அடுத்த ஞாயிறு, வண்ணத் தாள்களால் பிரித்த கோப்பு ஒன்றை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பச்சைத் தாளுக்குப் பின்னால் 'தன்னம்பிக்கை'. மஞ்சளுக்குப் பின்னால் 'உடல்மொழி'. சிவப்புக்குப் பின்னால் எதுவும் இல்லை. சிவப்பு அழகாக இருந்ததால் வைத்தேன்.

அவன் எழுதி வைத்திருந்த விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தேன். "இருபத்து நான்கு வருடம் கிடங்கில் வேலை செய்தேன். ஒரு சன்னல்கூட காணாமல் போனதில்லை" என்று இருந்தது. இதைப் படித்து எந்த முதலாளி நிமிர்ந்து உட்காருவான்? ஒரு முழு சனிக்கிழமை செலவழித்து நானே திருத்தினேன். திருத்திய பிறகு எஸ்பென், பொருள் நகர்வின் முழுச் சங்கிலியையும் தொலைநோக்குடன் வழிநடத்தி, மாற்றத்தை மகிழ்ச்சியோடு அணைத்துக்கொள்கிற, குழு உணர்வு ததும்பும் ஆளுமையாக மாறியிருந்தான். அவன் அதை இரண்டு முறை படித்தான். யாரு இவரு என்று மட்டும் கேட்டான்.

அந்த ஆளுமை இருபத்தொரு இடத்துக்கு விண்ணப்பித்தது. இருபத்தொரு இடமும் வேண்டாம் என்றன.

வழி சொல்கிறவர் இதற்கெல்லாம் சோர்ந்துபோகிற ஆளா? வழி தவறு என்று அவருக்கு ஒருபோதும் தோன்றாது; நடக்கிறவன் கால் சரியில்லை என்றுதான் தோன்றும். ஆகவே நேர்காணல் ஒத்திகை தொடங்கினேன். டை கட்டிக்கொண்டு சமையலறை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். எஸ்பென் வெளியே போய், சொந்த அக்காவின் சமையலறைக் கதவைத் தட்டி, அனுமதி வாங்கி உள்ளே வர வேண்டும். கைகுலுக்கல் போதவில்லை என்று நான்கு முறை திருப்பி அனுப்பினேன். ஐந்தாம் முறை உட்காரவிட்டு, குரலைத் தாழ்த்தி, "உங்க பலவீனம் என்ன?" என்று கேட்டேன். அதற்குச் சரியான பதில், 'எல்லாவற்றையும் மிகச் சரியாகச் செய்யப் பார்ப்பேன்' என்பது. கோப்பில் பக்கம் பன்னிரண்டு.

எஸ்பென் கோப்பைப் பார்க்கவில்லை.

"யாராவது எதாவது சொன்னா வேண்டாம்னு சொல்ல வராது. அதான் இங்க உக்காந்துருக்கேன்."

அது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பதில் நீளமாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்தது ஆறாம் விதி: நேரில் போய் நில். ஊருக்கு வெளியே ஒரு மரச்சாமான் நிறுவனம். என் காரில் அவனைக் கூட்டிப்போனேன். வாசலில் இறக்கிவிட்டுக் காத்திருப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அவன் தோள் தொங்கிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கூடவே உள்ளே போனேன். கிடங்கு மேலாளர் ஒரு பெண், கையில் காபியோடு நின்றிருந்தாள். எஸ்பென் வாயைத் திறப்பதற்குள் அவன் திறமை, அனுபவம், பொறுமை எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன். இடையில் அவர்கள் அலமாரிகளை அடுக்கியிருந்த முறையில் ஒரு சின்னத் திருத்தமும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்களுக்கு இங்க சேர ஆர்வம் இருந்தா ஒரு விண்ணப்பம் அனுப்புங்க" என்றாள்.

என்னிடம்.

காரில் திரும்பும்போது எஸ்பென் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். விண்ணப்பம் அனுப்பச் சொன்னதே ஒரு நல்ல அறிகுறி என்றேன். அடுத்த ஞாயிறு அவன் சாப்பாட்டுக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. வேலை தேடுவதில் மும்முரமாக இருக்கிறான், நம்ம கோப்பு வேலை செய்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். டோர்த்தே தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்:

"அவன் வேலை தேடல, ஃபிளெமிங். உன்கிட்டேருந்து ஒளிஞ்சிக்கிட்டிருக்கான். பகல்ல திரைய இழுத்துவிட்டு உக்காந்துருக்கான். நேத்து போய்ப் பாத்தேன். முதல்ல நீயும் வந்திருக்கியான்னுதான் கேட்டான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். 

அதன்பிறகு அவளே போனாள். கோப்பு எதுவும் கொண்டுபோகவில்லை, பின்னல் ஊசியும் நூலும்தான். வாரத்தில் மூன்று காலை அவன் சமையலறையில் போய் உட்கார்ந்து பின்னுவாள். அவன் ஒரு பக்கம் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு விளம்பரங்களைப் பார்ப்பான். உனக்கு எந்த மாதிரி வேலை பிடிக்கும் என்று ஒருநாள் கேட்டாளாம். எட்டு மாதத்தில் யாரும் அவனை அதைக் கேட்டதில்லை. பொருள்கள் அததன் இடத்தில் இருக்கிற இடமாக இருந்தால் போதும் என்றானாம். பழைய தொழிற்சாலை நண்பர்கள் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று இருவரும் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். தினம் ஒருவருக்குப் போன், அவ்வளவுதான். ஏழாவது ஆள், மருத்துவமனைப் பொருள் கிடங்கில் ஓர் இடம் வரப்போகிறது என்றிருக்கிறார். எஸ்பென் அந்தப் பழைய இரண்டு வரியையே அனுப்பினான். அங்கே பொருள்கள் காணாமல் போவதுதான் பெரிய தலைவலியாம். எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வாரம் பாட்டுக்குழுவில் நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? "விடாம உழைச்சோம், கிடைச்சிருச்சு" என்றேன். உழைச்சோம். பன்மையில். எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள்.

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் நான் இன்றைக்கும் அந்த வெந்நீர்த் தொட்டியில் நிம்மதியாக மூழ்கியிருப்பேன். முடியவில்லை. மார்ச் மாதம் எங்கள் நகராட்சி குழாய்ப் பிரிவையும் சாலைப் பிரிவையும் ஒன்றாகச் சேர்த்தது. என் மேசை வரிசையில் நான்கு பேர். இனி மூன்று இடம். அவரவர் தங்கள் வேலைக்குத் தாங்களே விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரு மரியாதையான கடிதம் வந்தது.

கோப்பை எடுத்தேன். வேறு யாருக்காகவும் அல்ல, எனக்காக. பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாவற்றையும் புரட்டினேன். மேசையில் உட்கார்ந்து 'அன்புள்ள லோனே' என்று எழுதினேன். லோனே எங்கள் தலைவி, பதினைந்து வருடமாகத் தினமும் ஒன்றாகக் காபி குடிக்கிறோம். 'அன்புள்ள' அதிகமோ என்று அழித்தேன். வெறும் பெயர் மொட்டையாக இருந்தது. மறுபடி எழுதினேன். முதல் வாரம் இப்படியே போயிற்று. நான் யார், எனக்கு என்ன தெரியும், முப்பத்து மூன்று வருடம் என்னதான் செய்தேன் என்று யோசிக்க யோசிக்க எழுதியதையெல்லாம் அழித்துக்கொண்டே இருந்தேன். தொலைநோக்கு என்று எழுதினால் சிரிப்பு வரவில்லை, வெட்கம் வந்தது.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. வழி சொல்கிறவர்கள் புறப்பட்டுவிட்டார்கள். பாட்டுக்குழுவின் தடித்த குரல்காரர் என்னை விண்ணப்பப் புகைப்படத்தில் சிரிக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் வேலி மேல் சாய்ந்து, வேலை தேடுவதே ஒரு முழுநேர வேலை என்றார். அது என்னுடைய முதல் விதி. பல் மருத்துவர் இரண்டு கைகளையும் என் வாய்க்குள் விட்டபடி, இந்த வயதில் துணிச்சலாகப் பேச வேண்டும் என்றார். பதில் சொல்ல முடியாத நிலையில் இருக்கிற மனிதன் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? போன் மணி அடித்தால் நான் கார்க் கொட்டகைக்குப் போய் நிற்கத் தொடங்கினேன். எஸ்பென் எதற்காகத் திரையை இழுத்தான் என்று அங்கே, குளிர்கால டயர்களுக்கு நடுவே நின்றபோதுதான் விளங்கியது.

ஒரு சனிக்கிழமை காலை எஸ்பென் வந்தான். ஒரு பையில் சூடான பன் ரொட்டி. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அதை எப்படிக் கேட்பது என்று எந்த விதியிலும் இல்லை. அவன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, போன செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் என்ன செய்தாய் என்று கேட்டான்.

ஒன்றும் பெரிதாக இல்லை என்றேன். ஒரு கிழவர் போன் செய்தார், நிலவறையில் தண்ணீர் ஏறுகிறதென்று அழாக்குறை. கணினி வரைபடத்தில் அந்தத் தெருவில் குழாயே கிடையாது. எனக்கு மட்டும் தெரியும், அங்கே ஒரு பழைய செங்கல் வாய்க்கால் போகிறது, அடைப்பு எங்கே வரும் என்றும் தெரியும். ஆளை அனுப்பினேன், மதியத்துக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. அவ்வளவுதான். பேசி முடித்தபோது எஸ்பென் ரொட்டிப் பையைக் கிழித்து அதில் எழுதிக்கொண்டிருந்தான். என் பக்கம் தள்ளினான்.

"இத அனுப்பு."

"இதுல ஒண்ணுமே இல்லியேடா. ஒரு கிழவரும் ஒரு வாய்க்காலும்தான் இருக்கு."

"ஆமா மச்சான். அதான் நீ." பிறகு, "இன்டர்வியூ அன்னிக்கு நான் கார் ஓட்டுறேன். உள்ள வரமாட்டேன்" என்றான்.

அனுப்பினேன். வாய்க்கால் கதை பலித்தது, நேர்காணலுக்கு அழைத்தார்கள். லோனேயும் இன்னும் இருவரும் இருந்தார்கள். பலவீனம் என்ன என்று கேட்டபோது பக்கம் பன்னிரண்டு நினைவுக்கு வந்தது, சொல்லவில்லை. யாரும் கேட்காமலே யோசனை சொல்வேன் என்றேன். மூவரும் சிரித்தார்கள், தேவைக்கு அதிகமாகவே. அந்தச் சிரிப்பில் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. அடுத்த பதினோரு நிமிடம், நேர்காணலை இன்னும் சிறப்பாக எப்படி நடத்தலாம் என்று அவர்களுக்கு விளக்கினேன். பதினோரு நிமிடம் என்று லோனே பிற்பாடு சொன்னாள். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

மூன்றாவது இடம் எனக்குக் கிடைத்தது. அந்தப் பதினோரு நிமிடத்தையும் தாண்டிக் கிடைத்தது என்பதுதான் லோனேயின் வார்த்தை. இடம் கிடைக்காத நான்காவது ஆள் ரூபென், முப்பத்தெட்டு வயது, என் பக்கத்து மேசை. அவன் கடைசி நாள், இரண்டு அட்டைப் பெட்டிகளோடு வாகன நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் போனேன், சத்தியமாக வேறு நோக்கம் இல்லை. என் வாய் தானாகத் திறந்து, "நான் உன் இடத்துல இருந்தா..." என்றது.

ரூபென் என்னைப் பார்த்தான்.

"என் இடத்துல நீ இல்ல, ஃபிளெமிங். இந்தப் பெட்டியப் பிடி, அடி நனைஞ்சு பிஞ்சு போச்சு."

பிடித்தேன். கார் வரை ஒன்றும் பேசாமல் நடந்தேன். நாற்பது அடி இருக்கும். வேலை இழந்த ஒருவருக்கு நான் செய்த முதல் உருப்படியான உதவி அது. அந்த நாற்பது அடியும் தொண்டையில் இரண்டாம் விதி துடித்துக்கொண்டே இருந்தது.

இப்போது உங்களிடம் வருகிறேன். இவ்வளவும் படித்துவிட்டு, நல்லவேளை, நமக்கு இந்தப் பழக்கம் இல்லை என்று சாய்ந்து உட்காருகிறீர்கள். இருக்கட்டும். ஒன்று மட்டும் சொல்லுங்கள். நான் அந்த மூன்று பேர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, 'ஐயோ, இவர் அந்த இடத்தில் இப்படி அல்லவா பதில் சொல்லியிருக்க வேண்டும்' என்று உங்களுக்கு ஒரு வாக்கியம் தோன்றியதா இல்லையா? அது நல்ல வாக்கியமாகவே இருக்கலாம். நாற்காலியை மட்டும் முன்னால் இழுக்காதீர்கள்.