லூப்பினுக்குப் போட்ட கவ்வாத்து

அன்னைக்கு வேலை ரொம்பச் சின்னது. பங்களாப் பூப்பாத்தியில லூப்பின் செடியை வெட்டணும். அவ்வளவுதான்.

இலங்கை மலைநாட்டுல லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். எழுபதுகளோட கடைசி. வெள்ளைக்காரத் தொரை கப்பலேறிப் போயி, சிங்களத் தொரை வந்திருந்தாரு. அவரு சம்சாரம்தான் எங்களுக்குத் தொரசாணி.

நான் அதுவரைக்கும் கவ்வாத்துக்காரன். வளந்துபோன தேயிலைச் செடியைக் கத்தி வச்சு மொட்டையடிக்கிறதுதான் கவ்வாத்து. மலை ஏறி ஏறி என் முட்டி போயிருச்சு. தொரைகிட்ட கெஞ்சிக் கூத்தாடி பங்களா வேலைக்கு வந்து மூனு வாரம்கூட ஆகல. இதுல கோட்டை விட்டா மறுபடி மலைதான்!

தொரசாணிக்கு லூப்பின்னா உசுரு. ஊதா, ரோசு, மஞ்சள்னு கதிர் கதிரா நிமிந்து நிக்கும். பூத்து முடிஞ்சு அப்பத்தான் காய ஆரம்பிச்சிருந்துச்சு.

தொரசாணி தமிழ் படிச்சது தொரைகிட்ட. தொரைக்குத் தெரிஞ்சதெல்லாம் காலையில ஆளுங்களைக் கூட்டி வேலை பிரிச்சுக் குடுக்குற பெரட்டுல பேசுற தமிழ். அதனால "வெட்டு"ங்கிறதுக்கு அவங்ககிட்ட ஒரே ஒரு வார்த்தைதான் இருந்துச்சு.

"இந்த லூப்பின் ஒக்கோம கவ்வாத்து போடு"ன்னாங்க. ஒக்கோமன்னா சிங்களத்துல எல்லாம்.

"எம்புட்டுங்க தொரசாணி?"

கையை விரிச்சு ஒரு சாண் காட்டினாங்க. "இவ்வளவு."

சொல்லிட்டு நுவரெலியாவுக்குக் காரேறிப் போயிட்டாங்க.

எனக்கு ஒரே சந்தோசம்! தெரிஞ்ச வேலையாச்சே! கத்தியைத் தீட்டினேன். தரையில இருந்து ஒரு சாண் அளந்தேன். சரக்கு சரக்குன்னு போட்டேன் பாருங்க. தேயிலை மாதிரி கட்டையா இல்ல, வெள்ளரிக்கா மாதிரி போகுது! அப்பவாவது மண்டையில உறைச்சிருக்கணும். உறைக்கல.

வெட்டின தழையை எடுத்து அடிக்கட்டை மேல மூடி வச்சேன். வெயில் படக்கூடாதில்ல? கவ்வாத்துன்னா முழுசாச் செய்யணும்.

சாயங்காலம் கார் வந்துச்சு. தொரசாணி இறங்கினாங்க. பாத்தியைப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க.

"லூப்பின் எங்க?"

"கவ்வாத்துங்க. கவலையே படாதீங்க, மூனு மாசத்துல கொழுந்து எடுக்கலாம்!"

"கொழுந்தா?"

கத்திக்கிட்டே அப்படியே புல்லுல உக்காந்துட்டாங்க. சத்தம் கேட்டுத் தொரை ஓடியாந்தாரு. ரெண்டு பேரும் சிங்களத்துல என்னமோ பேசினாங்க. தொரை வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாரு. தொரசாணி ஒரு பார்வை பாத்ததும் நிறுத்திட்டு என் பக்கம் திரும்பினாரு.

"அட மடையா! காஞ்ச கதிர்ல ஒரு சாண் வெட்டி எடுக்கச் சொன்னாங்க. நீ ஒரு சாணை மிச்சம் வச்சிருக்க! ரெண்டாந்தரம் பூத்தா நுவரெலியா பூப்போட்டிக்குக் கொண்டுபோக இருந்தாங்க. துளிர்க்கலன்னா நீ மலைக்குத்தான்!"

கவ்வாத்துக்காரனுக்கு அளவுன்னா தரையில இருந்துதாங்க. வேற எங்கயிருந்து அளக்குறது?

அதுக்கப்புறம் நான் பட்ட பாடு இருக்கே! விடியும் முன்னாடி எந்திரிச்சு நத்தை பொறுக்கினேன். லூப்பின் துளிர்னா நத்தைக்குக் கல்யாணச் சாப்பாடு. வாளி வாளியாப் பொறுக்கினேன். செடிகிட்ட போயி, "துளிர்த்துருடி, எங்குடும்பத்தைக் காப்பாத்து"ன்னு அழாத குறையாக் கெஞ்சினேன்.

துளிர்த்துருச்சு! கைவிரலை விரிச்ச மாதிரி புது எலை, நடுவுல குட்டி மொட்டு. தொரசாணி மொகத்துலயும் சிரிப்பு வந்துச்சு. எனக்குப் போன உசுரு திரும்பிச்சு.

அன்னைக்குன்னு பாத்து என் சம்சாரம் சோறு கொண்டு வந்தா. அவ மலையில கொழுந்து எடுக்கிறவ. பாத்தியைப் பாத்ததும் இடுப்புல கை வச்சா.

"ஏங்க, துளிர் ஒசரமும் குட்டையுமா நிக்குது. இன்னும் மட்டம் பாத்துக் கிள்ளலயா?"

கவ்வாத்து வெட்டின தேயிலை துளிர்த்ததும், கம்பு வச்சு மட்டம் பாத்து நுனியைக் கிள்ளுவாங்க. அப்பத்தான் பக்கக் கிளை அடிக்கும். எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு.

"சட்டுனு கிள்ளிரு. ஒழுங்காப் பாத்துக்கிறேன்னு தொரசாணி சந்தோசப்படுவாங்க"ன்னேன். கம்பைப் புடிச்சதும் நான்தான்!

அவ கை இருக்கே, மிஷினு! சோறு ஆறுறதுக்குள்ள ஒரு மொட்டு பாக்கியில்ல. பாத்தி மேசை மாதிரி சமமா நின்னுச்சு.

திரும்பினா, பின்னாடி தொரையும் தொரசாணியும்.

தொரை சிரிக்கல. "நாளைக்குப் பெரட்டுக்கு வா. நீ மலைக்கு."

எனக்குக் கண்ணே கலங்கிருச்சு.

தொரசாணிதான் கையை நீட்டித் தடுத்தாங்க. "எபா!" எபான்னா வேணாம். "இவன் மாதிரி நத்தை யாரும் பொறுக்க மாட்டான். இவன் நத்தை பொறுக்கு. தண்ணி ஊத்து. கத்தி வேணாம். கம்பு வேணாம். பொஞ்சாதி வேணாம்!"

பூப்போட்டிக்கு அந்த வருசம் ரோசாப்பூதான் போச்சு. அதுக்கப்புறம் செடியில கத்திரி வச்சதெல்லாம் தொரசாணிதான், நான் பக்கத்துல கூடையைப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். கத்தியைத் தொடவே கூடாதுன்னு உத்தரவு வாங்கின கவ்வாத்துக்காரன் அந்தத் தோட்டத்துலயே நான் ஒருத்தன்தான்.

முட்டிக்கு ரொம்ப நல்லதுங்க.